கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

எதிர் வீட்டு மாமி கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். மாமி காகிதத்தோடு வந்தால், ஒன்று அப்பளத்துக்கு உளுந்துக் கணக்காக இருக்கும். இல்லாவிட்டால் நவராத்திரிக்கு அழைக்க வேண்டியவர்களின் ஜாபிதாவாக இருக்கும். இந்தத் தடவை இரண்டும் இல்லை.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். தமிழா இங்கிலீஷான்னே புரியலை" என்றாள்.

மாமியின் மச்சினர் பிள்ளை எழுதிக் கொடுத்தது. பதினாறு கோர், முப்பத்திரண்டு ஜி.பி., தனி கிராபிக்ஸ் கார்டு, உள்ளே வர்ண விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி. அடியில் கூட்டுத் தொகை 1,12,000 ரூபாய்.

மாமியிடம் இருப்பது 45,000. தபாலாபீஸில் ஐந்து வருஷம் மாதாமாதம் கட்டி, முதிர்ந்து கைக்கு வந்த பணம். தேய்ந்துபோன வளையல் ஜோடியை அழித்துப் புதிதாகச் செய்து கொள்ள வேண்டும் என்று கட்டியது. பெண் இந்த வருஷம் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்துக் கொண்டிருக்கிறாள். பிள்ளை ஏழாவது. 2020-இல் பள்ளிக்கூடங்களை மூடியபோது ஆரம்பித்த பழக்கம், அந்தப் பெண் இன்னமும் அம்மாவின் கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்துக் கொண்டுதான் பாடம் படிக்கிறது.

"வளையல் கிடக்கட்டும். இவள் படிப்பு ஆகணும். ஆனா லட்ச ரூபாய்க்கு நான் எங்கே போவேன்?" என்றாள் மாமி.

"மாமி, இந்த ஜாபிதா எழுதறபோது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தா? பெண்ணா, பிள்ளையா?"

மாமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்து விட்டாள்.

சகோதரிகளே, அநேகமாக எல்லா வீடுகளிலும் நடக்கிற கதை இதுதான். 'குழந்தைகள் படிப்புக்கு' என்று பேச்சு ஆரம்பிக்கிறது. விளையாட்டுக்கு வேண்டிய சாமானில் போய் முடிகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியது பெரிய விளையாட்டுகளுக்கும், சினிமாப் படம் வெட்டி ஒட்டுகிற வேலைக்கும்தான். 2018, 2019-இல் வந்த மாநிலப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ். பிளஸ் டூவில் பைத்தானும், எஸ்.க்யூ.எல்லும். இவற்றுக்கெல்லாம் சாதாரண மெஷினே தாராளம்.

மறுநாள் இருவரும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பெயர் போன தெரு. இப்போது கம்ப்யூட்டர். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்துவதைப் போலத்தான் அங்கே நடக்க வேண்டும். பையை முன்பக்கமாகப் பிடித்துக் கொள்ளுங்கள் என்று மாமியிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரங்கநாதன் தெருவில் பழகிய கை.

முதல் கடையில் 14,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி காட்டினார்கள். ஏதோ ஆபீஸில் உபயோகித்துக் கழித்தது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். "ஐ5 மேடம்! புது ஐ3-ஐ விட ஒசத்தி" என்றார் கடைக்காரர். மாமிக்கு முகம் மலர்ந்தது. இங்கேதான் ஏமாந்து போகக் கூடாது. ஐ5 என்பதற்குப் பின்னால் ஓர் எண் இருக்கும், அதைக் கேளுங்கள். 4570 என்றால் நாலாவது தலைமுறை. 8500 என்றால் எட்டாவது. 12400 என்றால் பன்னிரண்டாவது. பன்னிரண்டாவது தலைமுறை ஐ3, நாலாவது தலைமுறை ஐ5-ஐ விட எவ்வளவோ வேகமானது. தவிர, விண்டோஸ் 10-க்குப் பொதுவான பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோஸாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஆதரவு. பழைய பெட்டியே வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்; எட்டுக்குக் கீழே வாங்காதீர்கள் என்பேன். கேட்டோம். நாலாவது தலைமுறைதான். எழுந்து விட்டோம்.

இரண்டாவது கடை. "ராம் எவ்வளவு போடட்டும்?" என்றார்கள். மாமி என்னைப் பார்த்தாள். "ராம்ங்கறது சமையல் மேடை மாதிரி, மாமி. மேடை பெரிசா இருந்தா நாலு வேலை ஒரே சமயத்தில் நடக்கும். எஸ்.எஸ்.டி.ங்கறது மளிகை அலமாரி" என்றேன். மேடை எட்டு ஜி.பி. இருந்தால் படிப்புக்குப் போதும்; இன்னொன்று சொருக இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை தங்கத்தோடு போட்டி போட்டுக் கொண்டு ஏறியது. உலகமெல்லாம் செயற்கை அறிவுக்காகக் கட்டுகிற பெரிய நிலையங்கள் அள்ளிக் கொண்டு போனதுதான் காரணம். எங்கோ எவரோ கட்டுகிற கட்டடத்துக்கு மயிலாப்பூர் மாமி வரி கட்டுகிறாள்! ஆகவே இப்போது எட்டு, பிறகு எட்டு. அலமாரி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய மாதிரிச் சுழலும் ஹார்டு டிஸ்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எஸ்.எஸ்.டி.யே கேளுங்கள், மெஷின் விழித்துக் கொள்ளும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் 'ஆல் இன் ஒன்' பார்க்க லட்சணம். ஆனால் ஒன்று பழுதானால் முழுதும் ஆஸ்பத்திரிக்குப் போகும். எனக்கு அது பிடிக்காது.

இன்னொரு சங்கதியை நான் பட்டுத் தெரிந்து கொண்டேன். எங்கள் வீட்டுக்கு மெஷின் வாங்கி, ஆட்டோவில் ஏற்றி, கோலம் போட்ட வாசல் வழியாக உள்ளே கொண்டு வந்து வைத்த பிறகுதான் அதில் வைஃபையே கிடையாது என்று தெரிந்தது! கைபேசியில் எல்லாம் கூடவே இருப்பதால் நாம் கேட்பதில்லை. மேஜைக் கம்ப்யூட்டரில் வைஃபை, காமிரா, மைக் மூன்றும் உண்டா இல்லையா என்று கடையிலேயே கேட்டு விடுங்கள்.

கடைசியில் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "விண்டோஸ் சும்மா ஏத்தித் தரேன், மேடம். பில்லில் வராது" என்றார். மாமி நிமிர்ந்தாள். "திருட்டுச் சொத்தா? எங்காத்துக்கு வேண்டாம்" என்றாள். விலை கொடுத்து வாங்க வேண்டியதை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தர்மமாகவே கிடைக்கும் லினக்ஸ் இருக்கிறது. பிளஸ் ஒன் புத்தகத்திலேயே உபுண்டுவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதையே போட்டுக் கொண்டோம். எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ், காசு இல்லை.

ஐ3, எட்டு ஜி.பி., 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 22 அங்குலத் திரை, யு.பி.எஸ்., பதினெட்டு சதவிகித ஜி.எஸ்.டி. போட்ட பில்லோடு 43,600 ரூபாய். யு.பி.எஸ். எதற்கு என்று மாமா ஆட்சேபித்தாராம். கரண்டு பட்டென்று போனால், எழுதியதைக் காப்பாற்றி மெஷினை முறையாக அணைக்கப் பத்து நிமிஷமாவது வேண்டாமா?

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்னை, எங்கே வைப்பது? பிள்ளை தன் அறையில் என்றான். மாமி கூடத்தில் என்றாள். திரை எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பது குழந்தைகளுக்கு நல்லது என்பது என் கட்சியும். ஆனால் எல்லோரும் 'சி.பி.யு.' என்று அழைக்கும் பெட்டியைத் தரையில் வைக்கப் போனபோது நான் தடுத்து விட்டேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்தில் என் சிநேகிதி ஒருத்தி வீட்டில் முதலில் முழுகியது மேஜைக்கடியில் இருந்த பெட்டிதான். அவள் பெண்ணின் புராஜெக்ட் முழுவதும் அதில் இருந்தது. ஆகவே ஸ்டூல் மேல். பெண்ணுக்குக் கால் தரையில் எட்டும், பிள்ளைக்குத் தொங்கியது. பூஜை அறையிலிருந்து ஒரு மணை எடுத்துக் காலுக்குப் போட்டாயிற்று. திரை, கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

மாமி ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டிக்குப் பூ வேலை செய்த உறை தைத்து விட்டாள். அணைத்த பிறகு போடுங்கள். ஓடும்போது போட்டால் காற்றோட்டம் இல்லாமல் சூடாகி விடும் என்றேன்.

நாலு நாள் கழித்துப் போனேன். சாயந்திரம் ஆறு மணி. நாற்காலியில் பிள்ளை. பெண் ஓரமாக ஊஞ்சலில், கையில் பழையபடி கைபேசி!

"அவன் சின்னவன், கொஞ்ச நேரம்னு கேட்டான். விட்டுக் கொடுத்தேன், மாமி" என்றது அந்தப் பெண்.

அடுக்களையிலிருந்து மாமி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஆறிலிருந்து எட்டு அக்கா. எட்டிலிருந்து எட்டரை தம்பி. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஒரு மணி ஜாஸ்தி. பிள்ளை முணுமுணுத்துக் கொண்டே எழுந்தான்.

மத்தியானம் மூன்றிலிருந்து மூன்றரைக்கு எதிரே 'அம்மா' என்று எழுதியிருந்தது. மாமி தமிழ்த் தட்டச்சு பழகுகிறாளாம். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுத்த 'தமிழ் 99' விசைப்பலகைதான். இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய். 'க'வை இரண்டு தரம் தட்டினால் புள்ளி தானாகவே விழுந்து 'க்க' ஆகி விடுகிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டும்போது அந்தத் தேய்ந்த வளையல் விசைப்பலகையில் இடித்தது. மேலே தள்ளி விட்டுக் கொண்டாள். மிச்சம் 1,400 ரூபாயை எடுத்துக் கொண்டு மறுநாளே தபாலாபீஸுக்குப் போய்ப் புதுக் கணக்கு ஆரம்பித்து விட்டாளாம்.