மீஞ்சூரில் தொலைத்ததை மீஞ்சூரிலேயே வாங்குகிறோம்

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. மீஞ்சூர் ஆலை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 49 ரூபாய் என்று ஒப்பந்தம் தொடங்கியது. அதே மீஞ்சூரின் நிலத்தடியில் நல்ல தண்ணீர் தேங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. அதை ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காசு வாங்காமல் நிரப்பிக்கொண்டிருந்தன.

1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வுதான் இந்தச் செல்வத்தைக் கண்டு சொன்னது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்றுத் தொகுதிகள் உருவாயின. மணலியின் தொழிற்சாலைகள் குடித்தன, நகரமும் குடித்தது, சுற்றியிருந்த வயல்களும் இறைத்தன. 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை நிலத்தடியில் வந்திருந்த கடல் உப்பு, 1980-களில் 9 கி.மீ. வரை ஏறிவிட்டது.

கடல்நீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைந்தது. அதனால் மண்ணுக்குள் உப்புநீரின் மேலே அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பை அண்டவிடாது. அந்த ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், 40 மீட்டர் காவலும் போகிறது. இது சீரான மணலுக்குச் சொன்ன கணக்கு. களிமண் அடுக்குகள் குறுக்கே கிடக்கும் மீஞ்சூரில் அப்படியே பொருந்தாது. ஆனால் போகும் திசை இதுதான். கெடுவதற்கு நிறையக் கடல்நீரும் தேவையில்லை. நூறு குடத்தில் இரண்டு குடம் கலந்தாலே குளோரைடு, லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற இந்தியத் தர அளவைத் தாண்டிவிடும்.

அரசு சும்மா இருக்கவில்லை. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-லேயே வந்துவிட்டது. கிணறு வெட்டவும் தண்ணீர் எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் வறட்சி வந்தால் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து நகரத்துக்கு இறைப்பதும் அதே வாரியம்தான். காவல்காரரே பெரிய வாடிக்கையாளராகவும் இருக்கும்போது சட்டத்துக்கு எவ்வளவு பல் இருக்கும்?

கடல்நீர் ஆலைகளே வேண்டாம் என்பது என் வாதமல்ல. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நெம்மேலியில் 2013-ல் 10 கோடி லிட்டர், 2024-ல் மேலும் 15 கோடி லிட்டர். அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டருக்கான ஆலை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதையும், உப்பு இரட்டித்த கழிவுநீர் கடலுக்கே திரும்புகிறது என்பதையும் சகித்துக்கொள்ளலாம். என் குறை வேறு. ஆலை எத்தனை வந்தாலும் மண்ணுக்குள் ஏறிய உப்பு ஓர் அடிகூடப் பின்வாங்காது. ஆலைகளிலிருந்து கிடைக்கும் தண்ணீரின் அளவுக்கு வடக்கில் இறைப்பதைக் குறைத்தால்தான் பலன். அந்தக் குறைப்பை எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் அறிவித்து நான் கேட்டதில்லை.

கவனிக்கப்படாத நல்ல வேலை ஒன்றும் நடந்திருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. மணலி ஆலைகளுக்குக் கொடுங்கையூர்த் தண்ணீர் போகும் ஒவ்வொரு நாளும் மீஞ்சூர் மணலுக்கு ஓய்வு. உப்புக்கு உண்மையான வைத்தியம் இது. ரிப்பன் வெட்ட அழகான இடமில்லை என்பதாலோ என்னவோ, இதற்குக் கூட்டம் சேருவதில்லை.

அடுத்தது வெள்ளம். வடகிழக்குப் பருவமழையில் பூண்டியிலிருந்து திறந்துவிடும் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் கலக்கிறது. தாமரைப்பாக்கம், வல்லூர் போன்ற அணைக்கட்டுகள் அதில் ஒரு பகுதியை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. ஆனால் நீரை வாங்கிக்கொள்வது ஆற்று மணல். அதை லாரியில் ஏற்றிவிட்டுத் தடுப்பணை கட்டினால் சிமென்ட்தான் மிச்சம்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் அன்றாடம் வெளியிடுகிறது. மழை விட்டால் சென்னைக்காரர் முதலில் பார்ப்பது அந்த எண்களைத்தான். வடக்கே உப்பு எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது என்பதையும் வாரியம் ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் பின்னும், ஊர்வாரியாக வரைபடத்தோடு வெளியிட வேண்டும். அந்த ஆண்டு அங்கே வாரியம் எவ்வளவு இறைத்தது என்ற கணக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும். பேரூர் ஆலை ஓடத் தொடங்கும் முன் இதைச் செய்யச் சொல்லி வட சென்னையின் சட்டமன்ற உறுப்பினர்களும் பொன்னேரி விவசாயிகளும் சேர்ந்து கேட்க வேண்டும்.