படகுத் தரகனும் அவையறிதலும்

தரகு என்னுஞ் சொல் நம்மிடையே நற்பெயர் பெற்றிலது. வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடைநின்று இருவரையும் ஏய்ப்பவன் என்பதே தரகனைப்பற்றிப் பலர் கொண்டுள்ள எண்ணம். ஆயின், பெரும்பொருள் கைமாறுந் தொழில்களிலே நம்பத்தகுந்த இடையாள் இன்றி யாதும் இனிது முடிவதில்லை. மேனாட்டார் 'யொட்' என வழங்கும் உல்லாசப் படகுகளை விற்றுக்கொடுக்குந் தரகன் அத்தகையோருள் ஒருவன். அவன் புகவேண்டிய கூட்டம் எது, விலக்கவேண்டிய கூட்டம் எது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். சொல்வன்மை மாத்திரம் அமையாது, அவையறிதலும் வேண்டுமென்று கருதியன்றோ வள்ளுவர் இரண்டனுக்கும் வெவ்வேறு அதிகாரம் வகுத்தார்?

இத்தொழிலின் இயல்பை முதற்கண் அறிதல் நன்று. ஒருவர் ஆண்ட படகு விலைப்பட்டால், அவ்விலையிற் பத்து வீதம் அளவிலே தரகு பெறுதல் வழக்கம்; பெருங்கலமாயின் வீதங் குறையும். விற்போன் சார்பில் ஒருவனும் வாங்குவோன் சார்பில் வேறொருவனும் நிற்பின், இருவரும் அத்தொகையைப் பகிர்ந்துகொள்வர். விற்பனை முடியாதாயின் ஒரு சதமும் இல்லை. அதுகாறும், படகை ஒப்படைத்தவனோ துறைக்கூலி, மாலுமிகள் வேதனம், காப்புறுதி எனப் பொருளிழந்துகொண்டே இருக்கின்றான். ஆகவே, பயனில்லாக் கூட்டத்திலே தரகன் கழிக்கும் நாள் தன் கைப்பொருளை மாத்திரமன்றித் தன்னை நம்பியவன் பொருளையும் உண்ணும் நாளாம்.

கூட்டங்களுக்கோ குறைவில்லை. தை மாத அளவில் ஜேர்மனியின் டுசெல்டோர்ப் நகரிலே, 1969 இல் தொடங்கிய படகுக் கண்காட்சி கூரைவேய்ந்த மண்டபங்களில் நிகழ்கின்றது. மார்ச்சில் அமெரிக்காவின் பாம் பீச். செப்டெம்பரில் பிரான்சின் கான். அதனையடுத்து மொனாக்கோவின் எர்க்கூல் துறைமுகத்தில் 1991 முதல் நடைபெறும் பெருங்கல விழா. ஒக்டோபர் இறுதியளவில் 1959 இல் தோன்றிய போட் லோடர்டேல் கண்காட்சி. நவம்பரில் அம்ஸ்ரர்டாமிலே கருவிவணிகர் கூடும் சந்தை. இவை தவிர, விருந்துகளும் படகோட்டப் போட்டிகளும் பல. இவை யாவற்றிற்கும் ஓடுபவன் தன் தொழிலைச் செய்வது எந்நாள்?

ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒவ்வோர் இயல்புண்டு. டுசெல்டோர்ப்பிலே புதுப்படகு கட்டுவோர் முதன்மை பெறுவர். மொனாக்கோவிலே மிகப்பெருங் கலங்கள் நீரிலே நிற்க, அவற்றின் உரிமையாளரும் தரகரும் ஒருங்கே கூடுவர். சிறுபடகு விற்பவனுக்கு அங்கே வேலை அரிது. அமெரிக்கரை வாடிக்கையாளராக உடையவன் போட் லோடர்டேலைத் தவறவிடலாகாது. வாடகைப் படகுத் தரகர்க்கெனத் தனியே நடைபெறுங் கூட்டங்கள் விற்பனைத் தரகனுக்கு உரியனவல்ல. அம்ஸ்ரர்டாம் சந்தையிலே விற்பனைக்குப் படகுகள் இல்லை. இயந்திரமும் பாயும் கயிறும் மின்கருவியும் செய்வோரே உளர். எனினும், பழைய இயந்திரமொன்றைக் காட்டி, 'இதனைப் பேணச் செலவு எவ்வளவாகும்?' என்று வாங்குவோன் வினவும்போது விழியாதிருக்க விரும்புவோன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அங்குச் சென்று கற்றுவருதல் தகும்.

இனி, கூட்டத்துள் யாரை நாடுவது? செல்வரை மாத்திரம் நாடுதல் பேதைமை என்பது எம் கருத்து. தரகைப் பகிரும் முறை உளதாகலின், சக தரகனே பல வேளைகளில் வாங்குவோனை அழைத்துவருபவன். கலத்தைச் சோதித்து அறிக்கை தரும் நிபுணரும், ஆண்டுக்கணக்கில் அதனைச் செலுத்திய மீகாமரும் அதன் நோயும் நலமும் அறிந்தோர். முற்பணம் பெற்ற பின்னர், கடலோட்டத்திலும் சோதனையிலும் குறை வெளிப்பட்டு விற்பனை முறிதல் உண்டு. இவர்தம் நட்பு அதனை முன்னரே உணர்த்தும். பெருவிருந்திலே பெற்ற நூறு முகவரி அட்டைகள் உணர்த்தா.

'புதியோன் எங்கும் முகங்காட்டல் வேண்டும். இன்றேல் அவனை யார் அறிவர்?' என்பாரும் உளர். அக்கூற்றிற் சிறிது உண்மை உண்டு. ஆயினும், ஒருமுறை கண்ட முகம் மறக்கப்படும். ஆண்டுதோறும் அதே இடத்திற் கண்டு, சொன்ன சொல் தவறாதவன் என அறியப்பட்ட முகமே நினைக்கப்படும். பத்து அவையில் அயலானாய் இருத்தலினும் இரண்டு அவையில் உரியோனாய் இருத்தல் மேல்.

கலம் வாங்குவோன் விருந்தை நோக்கியன்றிக் கலத்தையே நோக்கி வருவான் என்பதற்கு நம் வடகரையிலும் சான்றுண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, சிறுபடகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். அது 1938 இல் மசச்சூசெற்சின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கடலறிந்தவனை ஈர்ப்பது கலத்தின் உறுதி. அவ்வுறுதியை மெய்யாய் எடுத்துரைப்பவனே நல்ல தரகன்.

எனவே, பயணச்சீட்டு வாங்குமுன் தரகன் தன்னைத் தானே மூன்று வினவுக: யான் விற்கும் இனத்துப் படகை வாங்குவோரோ, அவரை அறிந்தோரோ அங்கு வருவரா? அங்கே யான் கற்கத்தக்கது யாது? மீண்ட பின் அங்குக் கண்டோர்க்கு எழுதித் தொடர்பு பேண எனக்குப் பொழுதுண்டா? மூன்றனுக்கும் விடை இல்லையாயின், அன்று அவன் இருக்கவேண்டிய இடம் தன்னை நம்பி ஒருவன் ஒப்படைத்த படகின் தளமே.