துணையின்றி வாசிக்கப் பழக்கப்படும் பிள்ளைகள்

கேரளப் பள்ளிக் கலோத்சவத்தின் போட்டிப் பட்டியலில் மிருதங்கம், கஞ்சிரா, கடம் ஆகிய மூன்றும் சாய்கோடு இட்டு ஒரே இனமாக அச்சிடப்படுகின்றன. கச்சேரி மேடையில் ஒன்றுக்கொன்று விடை சொல்வதற்கென்றே அமைந்த மூன்று வாத்தியங்கள் அங்கே ஒரே பரிசுக்காக ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஒரு கல்வித்துறை இசையை எவ்வாறு புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், வடக்கே அட்டப்பாடி, இடுக்கியில் மறையூர், பூப்பாறை, குமுளி. இவ்வூர்களில் வயதை மீறிய இசைத்தேர்ச்சி கொண்ட ஒரு பிள்ளையின் குறை ஆசிரியர் இன்மையே என்று பெற்றோரும் கல்வியாளரும் ஒருமித்துச் சொல்கின்றனர். அது பாதி உண்மை. ஆசிரியர் இன்று திரைவழியாகவேனும் வந்துவிடுகிறார். சுருதிப்பெட்டியும் தாளச்செயலியும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. வராதவர் உடன் வாசிப்பவர். இணையவகுப்பில் ஒலி சென்று சேரும் தாமதத்தால் இருவர் ஒரே கணத்தில் சேர்ந்து வாசிக்க இயலாது. ஆசிரியர் வாசித்து நிறுத்துகிறார், பிள்ளை திருப்பி வாசித்து நிறுத்துகிறது. பாடம் முழுவதும் எதிரொலியாகவே நடக்கிறது. இவ்வாறு ஐந்தாண்டு பயின்ற பிள்ளை கணக்குப் பிசகாமல் ஒரு கோர்வையை முடிக்கும். பாடுபவர் ஒரு சங்கதியை எதிர்பாராமல் நீட்டினால் என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. செயலி எதையும் நீட்டியதே இல்லை அல்லவா.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 2003இல் பாட்ரிசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மாண்டரின் மொழியை நேரில் பேசி விளையாடியவரிடம் கேட்ட ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் அதன் ஒலிவேறுபாடுகளைப் பற்றிக்கொண்டனர். அதே பேச்சைப் பதிவாகக் கேட்ட குழந்தைகள் பற்றிக்கொள்ளவில்லை. கைக்குழந்தையின் ஒலியுணர்வையும் பத்து வயதுப் பிள்ளையின் லயத்தையும் அப்படியே சமன்படுத்துவது பிழை. ஆயினும் உரையாடல் உரையாடலில்தான் கற்கப்படுகிறது என்பதை மொழிக்கு ஏற்பவர்கள் இசைக்கு மட்டும் ஏன் மறுக்கின்றனர்? தமிழில் ‘இசைதல்’ என்ற வினைக்கு உடன்படுதல் என்பதும் பொருள்.

பாலக்காட்டுக்கு இதை எடுத்துச்சொல்ல வேண்டியிருப்பதே விந்தை. 1912இல் பிறந்த பாலக்காடு மணி ஐயர் பன்னிரண்டு வயதளவிலேயே செம்பை வைத்தியநாத பாகவதரின் கச்சேரிக்கு வாசித்தார். செம்பை அவருக்குப் பதினாறு ஆண்டு மூத்தவர். அந்தச் சிறுவனுக்கு வயதொத்த குழு ஒன்றைத் தேடித்தர எவரும் முனையவில்லை. தேர்ச்சியொத்த குரலின் அருகில் உட்காரவைத்தனர். நாகசுரக் குழுவில் சிறுவன் முதலில் தாளம் போடுவான், ஒத்து ஊதுவான். செண்டை மேளத்தில் கல்லின்மீது புளியங்கோலால் சாதகம் செய்து முடித்தவன் பின்வரிசையில் வீக்கன் செண்டையோடு நிற்பான். பஞ்சாரி மேளம் 96 அட்சரக் காலத்தில் தொடங்கி 48, 24, 12, 6 எனச் சுருங்கி வருவதை அவன் ஏட்டில் படிப்பதில்லை. முன்வரிசை மூத்தவரின் தோளசைவில் படிக்கிறான். சிறிய பொறுப்பு, ஆனால் முழு இசையின் நடுவில். கடினமான உருப்படியைத் தனியறையில் உருப்போடும் இன்றைய முறை இதற்கு நேர் எதிரானது.

அந்தப் பழைய அமைப்பைப் பொற்காலமாக்குவோர் ஒரு கணம் பொறுக்கவேண்டும். அந்த வரிசையில் எல்லாப் பிள்ளைக்கும் இடம் இருக்கவில்லை. கோயில் மேளம் சாதியால் வேலியிடப்பட்டது. பெண் பாடகர்க்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்த மணி ஐயர் பின்னர் டி. கே. பட்டம்மாளுக்காகவே அதைத் தளர்த்தினார். அவருடைய மிருதங்கங்களைச் செய்து நாதம் சேர்த்த பர்லாந்தின் வீட்டுப் பிள்ளைகள் மேடையின் எந்தப் பக்கத்தில் இருந்தனர் என்பதை டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் எழுதிக்காட்டிவிட்டது. மீட்கத்தக்கது கற்கும் முறை, வேலியை மீட்கவேண்டியதில்லை. ஆனால் நவீன நிறுவனங்கள் செய்திருப்பது தலைகீழான காரியம். வேலியை ஓரளவு அகற்றிவிட்டு அதனுள் இருந்த கூடத்தையும் இடித்துவிட்டன.

தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் சேரும் வயது 12 முதல் 25 வரை. எட்டு வயதில் தேறிய பிள்ளை நான்காண்டு வாசலில் நிற்கவேண்டும். ஒன்றிய அரசின் கலாச்சார வளமையம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் திறனறி உதவித்தொகை தருகிறது. பணம் பிள்ளைக்கும் குருவுக்குமான கற்பித்தலுக்கு. சேர்ந்து வாசிப்பதற்கு அதில் இடமில்லை. திருவையாற்றிலும் பிற இடங்களிலும் நூறு பேர் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுவதைச் சான்று காட்டி, எங்களிடமும் கூட்டிசை உண்டு என்போர் உளர். ஒரே வரியை எல்லாரும் ஒரே குரலில் பாடுவது வழிபாடாக இருக்கலாம். அதில் எவரும் எவருக்கும் விடை சொல்வதில்லை.

கலோத்சவத்தில் குழு இனங்களும் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். இருக்கின்றன: செண்டைமேளம், பஞ்சவாத்தியம், விருந்தவாத்தியம். பாலக்காடு மாவட்டத்துப் பெரிங்கோட்டுப் பள்ளி பஞ்சவாத்தியத்தில் தலைமுறைகளாகப் பெற்றுவரும் வெற்றிக்குக் காரணம், ஊரே அதன் பின்வரிசையாக இருப்பது. அது விதிவிலக்கு. மற்றப் பள்ளிகளில் நடப்பது வேறு: பயிற்சியாளரைக் கூலிக்கு அமர்த்துவர், ஒரே உருப்படி மாதக்கணக்கில் கடையப்படும், உபமாவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறியபின் குழு கலையும். கருணை மதிப்பெண் மட்டும் சான்றிதழில் எஞ்சும். 117½ பவுன் பொற்கிண்ணத்துக்குச் செலவாகும் உற்சாகத்தில் ஒரு பங்கு, மறுவாரமும் அதே பிள்ளைகள் கூடுவதற்குச் செலவாகியிருந்தால் இங்கே எழுத ஒன்றும் இருந்திராது.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டி இனங்களாயின. அவற்றுள் மூன்று இந்த எல்லைக்கே உரியவை: அட்டப்பாடியின் இருள நிருத்தம், மறையூர்ப் பக்கத்து மலைப்புலைய ஆட்டம், குமுளிப் பக்கத்துப் பளிய நிருத்தம். வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெயர்களைக் கவனிக்கவேண்டும். ஆட்டம், நிருத்தம் என்று அவை அடிகளின் கலையாக மட்டும் பதிவாயின. இருளரின் தவிலும் பொறையும் கொகலும் ஜால்ராவும், மலைப்புலையரின் சிக்குவாத்தியமும் உறுமியும் கிடிமுட்டியும் குழலும் ஆட்டத்தின் பின்னணி ஆயின. உண்மையில் இந்த எல்லையில் அறுபடாமல் இயங்கிவரும் வாத்தியக்கூட்டு அவைதாம். அங்கே பிள்ளைக்கு வயதுவரம்பு இல்லை, நோட்டுப்புத்தகம் இல்லை, கேட்டு, பார்த்து, இடையில் நுழைந்து, மூத்தவர் முகம் சுளித்தால் விலகி, மறுபடி நுழையும் முறை இருக்கிறது. நகரத்து இசைக்கல்வியாளர் வெளிநாட்டுப் பயிலரங்குகளில் பணங்கட்டிக் கற்றுவருவது இதைத்தான்.

ஆனால் மறையூரில் வயலின் பயிலும் பிள்ளையை அருகிலுள்ள குடிக்கு அனுப்பி உறுமிக்காரரின் அருகில் உட்காரச்சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்? 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அட்டப்பாடியின் நஞ்சியம்மா சிறந்த பின்னணிப் பாடகியாக 2022இல் அறிவிக்கப்பட்டபோது, முறையாகப் பயிலாதவருக்கு விருதா என்ற கேள்வி இசைத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது. ‘முறை’ என்ற சொல் அங்கே எதைக் குறித்தது என்பதை ஆராய முனைவர் பட்டம் தேவையில்லை. கூட்டுவாசிப்புக்கு வழியில்லை என்று புலம்பும் வீட்டுக்கும் அக்குடிக்கும் இடையிலுள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பது வீண்.

எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் மதிக்கத்தக்கது. சிறு பிள்ளையைப் பெரியவர்களின் நடுவில் நிறுத்துவது அதன் குழந்தைமையைச் சுரண்டுவது; மேதைச்சிறுவர் என்ற வணிகம் பலரைத் தின்றிருக்கிறது. உண்மை. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ பிள்ளைகளைத் தொடக்கத்திலிருந்தே இசைக்குழுவில் உட்காரவைத்து உலகப்புகழ் பெற்றது. அதன் கடுங்கட்டுப்பாட்டையும் அதிகார அடுக்கையும் ஜெஃப்ரி பேக்கரின் 2014 நூல் தோலுரித்தது. ஆனால் அவ்வாதம் மேடைக்குப் பொருந்தும்; கூடத்துக்குப் பொருந்தாது. பார்வையாளர் இல்லாத, பரிசு இல்லாத, ஒளிப்பதிவு இல்லாத வாரக்கூடுகையில் பின்வரிசையில் தாளம் போடும் எட்டு வயதுப் பிள்ளையை எவர் சுரண்டுகிறார்? தனி மேடையில் நிறுத்தி, தோற்றால் மேல்முறையீட்டுக்குப் பெற்றோரை ஓடவைக்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்பானது என்போர்தாம் இதற்கு விடை சொல்லவேண்டும்.

பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. கோவையில் தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. இடையில் வாளையாறு. இரண்டிலும் வாய்ப்பாட்டு மாணவர்க்குப் பக்கவாத்தியம் வேண்டும், வாத்திய மாணவர்க்குப் பாடுபவர் வேண்டும். சனிக்கிழமை முற்பகல் ஒரு கூடத்தைத் திறந்துவைத்து, எல்லையின் எப்பக்கத்துப் பிள்ளையும், எம்மொழியில் பயில்வதாயினும், வயது கேளாமல் தேர்ச்சி கேட்டு உட்காரவைப்பதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. இடுக்கிப் பிள்ளைக்குப் பாலக்காடு தொலைவு. மறையூரிலும் குமுளியிலும் பள்ளிக்கூடங்களே அக்கூடங்களாகலாம். அங்கே குடியின் மூத்த வாத்தியக்காரரை ஆண்டுவிழா அலங்காரமாக அல்லாமல் ஊதியம் பெறும் ஆசிரியராக அழைக்கவேண்டும். அவர் முன் வயலின் பிள்ளை முதல் ஆறு மாதம் ஜால்ரா தட்டட்டும். கலோத்சவக் கையேட்டின் அடுத்த திருத்தத்தில் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டு, மூன்று வாத்தியத்தையும் ஒரே மேடையில் ஒரே குழுவாக அமர்த்தி, இறுதிக்கோர்வையை மூவரும் சேர்ந்து முடிப்பதற்கு மதிப்பெண் வைக்கலாம். அதற்கு ஓர் அரசாணை போதும்.