முள் ஒன்று, வேலை இரண்டு

ஐரோப்பியக் காடுகளில் இலையுதிர்காலத்தில் ஒரு காளான் முளைக்கிறது. மேலிருந்து பார்த்தால் சுட்ட ரொட்டியின் நிறத்தில் சாதாரணமாகத்தான் இருக்கும். குடையைத் திருப்பினால்தான் வியப்பு. மற்றக் காளான்களில் மெல்லிய மடிப்புகள் இருக்கும் இடத்தில், இதில் குட்டிக் குட்டி முட்கள் நெருக்கமாகத் தொங்கும். அதனால்தான் ஆங்கிலேயர் இதை முள்ளெலிக் காளான் என்கிறார்கள்.

முள்ளெலியை முள்ளம்பன்றி என்று நினைத்துவிடாதீர்கள். இது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு பிராணி. ஐரோப்பிய முள்ளெலியின் முதுகில் 5,000க்கும் மேற்பட்ட முட்கள் இருக்கும். நம் முடியும் நகமும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கெரட்டின்தான் அந்த முட்களும். நரியைக் கண்டால் ஓடாது; முகத்தையும் வயிற்றையும் உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

காளானின் முள்ளோ சில மில்லிமீட்டர் நீளம்தான். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அதன் மேற்பரப்பில்தான் விதைபோன்ற நுண்வித்துகள் உருவாகின்றன. முட்கள் கூடக் கூட வித்துக்கு இடமும் கூடும். அவை உதிர்ந்து காற்றோடு போய்விடும்.

பார்வைக்கு ஒரே முள். ஆனால், ஒன்று "கிட்ட வராதே" என்கிறது. மற்றொன்று "எடுத்துக்கொண்டு போ" என்கிறது.

இதில் எந்த முள் கெட்டி? நரியிடம் எடுபட்ட தந்திரம் கார்ச் சக்கரத்திடம் எடுபடவில்லை. சாலைகள் பெருகின, வேலிப்புதர்கள் அழிந்தன, பூச்சிமருந்தால் இரையும் குறைந்தது. 2024இல் மேற்கு ஐரோப்பிய முள்ளெலி, அழியும் அபாயத்தை நெருங்கும் இனமாக உலகச் செம்பட்டியலில் சேர்ந்தது.

காளானும் தனித்து வாழ்வதில்லை. மர வேர்களுக்கு நீரும் தாதுக்களும் சேர்த்துக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. மரம் போனால் அதுவும் போகும். முள் எத்தனை இருந்தாலும், இருக்க இடம் வேண்டும்.

நம் பக்கத்து மலேசியக் காடுகளில் முள்ளெலிக்கு உறவான மூன்ரேட் வாழ்கிறது. அதற்கு முள்ளே கிடையாது. அம்மோனியா நெடிதான் அதன் அடையாளம். முள் இல்லாத அதற்கும் காடு வேண்டும்.

அடுத்த முறை பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகும்போது காளானைக் கண்டால், பறிக்க வேண்டாம். வாயில் வைக்கவே வேண்டாம். குனிந்து குடைக்கு அடியில் மட்டும் எட்டிப் பாருங்கள்.