மொன்றியல் தீர்ப்பும் ருவாண்டா புகட்டும் பாடமும்

2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் போர் ஓய்ந்தது. நான்கு நாட்கள் கழித்து, மே 22 அன்று, மொன்றியல் நகரில் கியூபெக் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. ருவாண்டாவைச் சேர்ந்த டெசிரே முன்யனேசா இனப்படுகொலை, மானுடத்திற்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவற்றைப் புரிந்தவர் என நீதியரசர் ஆந்திரே டெனி அறிவித்தார். ஈழத்தமிழர் ஆறாத் துயரில் மூழ்கியிருந்த அந்நாட்களில் இச்செய்தி அவர்களின் கவனத்திற்கு வராமலே போயிற்று. ஆயினும் அது அவர்களுக்கும் உரிய செய்தியே.

ருவாண்டாவில் நிகழ்ந்தது வெறும் 'குலச்சண்டை' என்று கூறுவோர் இன்றும் உளர். இது வரலாற்றுப் புரட்டு. ஹூட்டுக்களும் துட்சிகளும் ஒரே மொழி பேசி, ஒரே மலைச்சரிவுகளில் அருகருகே வாழ்ந்த மக்கள். 1930களில் அடையாள அட்டை வழங்கி, அதில் இனத்தைப் பொறித்தது பெல்ஜியக் குடியேற்ற ஆட்சி. துட்சி மேட்டுக்குடியினரைக் கொண்டு ஆண்ட அதே ஆட்சி, 1959இல் ஹூட்டுக்களின் பக்கம் சாய்ந்தது. 1962இல் விடுதலை கிடைத்தது. அட்டை மட்டும் மாறவில்லை. 1994இல் வீதித் தடைகளில் அந்த அட்டையே உயிரைத் தீர்மானித்தது. ஏறத்தாழ 100 நாட்களில் 8 இலட்சம் பேர் அளவில் கொல்லப்பட்டனர்.

உலகம் அறியாமல் இருந்ததா? இல்லை. மொன்றியலில் வளர்ந்தவரான ஐ.நா. படைத்தளபதி ரோமியோ டலேர், 1994 சனவரியிலேயே எச்சரித்தார். படுகொலை தொடங்கிய பின்னர், பாதுகாப்புச் சபை அவரது படையைக் குறைக்கவே முடிவு செய்தது. 2008 செப்டெம்பரில், போகவேண்டாம் என்று கிளிநொச்சியில் மக்கள் மன்றாட, ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறியதும் இதே கதையின் மறுபதிப்பன்றி வேறென்ன? தான் தவறியதை ஐ.நா.வின் உள்ளக விசாரணை 2012இல் ஒப்புக்கொண்டது. மாண்டவர்களுக்கு அதனால் என்ன பயன்?

இனி நீதிக்கு வருவோம். முன்யனேசா தளபதியும் அல்லர், அமைச்சரும் அல்லர், ஒரு வணிகர். கனடாவின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்ற முதல் மனிதர் அவரே. கனடிய மண்ணில் இருக்கும் எவரையும், குற்றம் எங்கே நிகழ்ந்திருப்பினும், விசாரிக்க அச்சட்டம் வழி செய்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட சாட்சிகள் பேசினர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆனால், அதே சட்டத்தின்கீழ் ஒட்டாவாவில் விசாரிக்கப்பட்ட மற்றொரு ருவாண்டர், 2013இல் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றம் கண்ணீரை எடைபோடாது, சான்றுகளையே எடைபோடும்.

கனடிய நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. 2023இல் இராசபக்ச சகோதரர் இருவர்மீது கனடா தடை விதித்தது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் தீர்மானம் தீர்ப்பாகாது, தடை தண்டனையாகாது. சட்டம் ஏட்டில் உறங்க, நினைவு நாளில் மட்டும் உரையாற்றும் அரசியலாளர்களைத் தமிழர் கேள்வி கேட்க வேண்டும்.

தமிழரும் தம்மைத்தாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கண்டவர்கள் முதுமை அடைகின்றனர், நினைவுகள் மங்குகின்றன. அவர்களின் வாக்குமூலங்கள் நாள், இடம், பெயர் ஆகியவற்றுடன், சட்ட வல்லுநரின் துணையோடு பதிவாகின்றனவா? மொன்றியலில் நீதி தானாக வரவில்லை. சாட்சிகள் அதனை அழைத்து வந்தனர்.