ஊசி விழும் ஓசை

"சீமையிலே நாடகம் நடந்தால் ஊசி விழும் ஓசையும் கேட்கும், இங்கேயோ சந்தைக் கூச்சல்!" என்று சலித்துக்கொண்டார், குற்றாலச் சாரலில் குளித்துத் தலை துவட்டியபடியே, கடல் கடந்து மீண்ட கனவான் ஒருவர். தமிழனுக்கு நாடகம் பார்க்கத் தெரியவில்லையாம்! பண்பாடு போதவில்லையாம்!

கேட்டோம், சிரித்தோம். சீமை என்றதும் சிந்தையை அடகு வைக்கும் கூட்டம் இன்னும் இருக்கிறதே!

ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டனில், குளோப் அரங்கின் முற்றத்தில் ஒரு பென்னி கொடுத்து நின்று பார்த்த மக்கள் ஊமைகளாகவா நின்றனர்? 1830-இல் பாரிசில் விக்டர் யூகோவின் 'எர்னானி' அரங்கேறியபோது, பழமைக் கூட்டமும் புதுமைக் கூட்டமும் அரங்கினுள்ளேயே மோதிக்கொண்டன. 1907-இல் டப்ளின் ஆபி அரங்கில் சிங்கின் நாடகத்துக்கு எழுந்த கூச்சலை அடக்கப் போலீசார் வந்தனர். ஜப்பானிலோ, கபுகி நடிகரின் குடும்பப் பட்டத்தை உரிய நொடியில் உரக்கக் கூவுவதே ரசிகனின் தேர்ச்சி! ஊசி ஓசை கேட்கும் அமைதி பிற்காலத்து ஏற்பாடு. 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னர் திறந்த அரங்கிலே பார்ப்போர் பகுதியை இருட்டாக்கினர். அவ்வழக்கம் பரவியது, மௌனமும் உடன் பரவியது.

அதே 1876-இல் நமக்குக் கிடைத்தது என்ன? நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம்! வெள்ளையன் அஞ்சியது மேடைக்கு மட்டுமா? மேடையைப் பார்த்துவிட்டு வீதியில் பேசத் தொடங்கும் மக்களுக்கு! அவன் போனான், அச்சம் போகவில்லை. 1954-இல் சென்னை மாநிலத்தில் மற்றொரு சட்டம் வந்தது, நடிகவேள் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை நோக்கி நீண்ட கரமாக. அதன் விதிகள் செல்லா என உயர்நீதிமன்றம் உரைக்க 2013 ஆயிற்று. பார்க்கவே தெரியாத கூட்டத்துக்கு ஏனய்யா இத்தனை பூட்டு?

குற்றாலத்துக்கே வருவோம். இறைவன் ஆடும் அய்ந்து அவைகளுள் ஒன்று இங்குள்ள சித்திர சபை என்பர். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியும் இம்மண்ணுடையது. மலைக்குறத்தி சிங்கி வருகிறாள், வசந்தவல்லிக்குக் குறி சொல்கிறாள், பரிசு பெறுகிறாள். பாட்டிலே எளியோருக்கு இடமுண்டு. கோயிலிலே? 1939-இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நிகழும் வரை, அதன் பின்னும் பல ஊர்களில், ஒடுக்கப்பட்டோர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கேள்வி கேட்பவனை வெளியே நிறுத்திவிட்டால், உள்ளே அமைதி நிலவாமல் என்ன செய்யும்?

ரசிகமணி டி.கே.சி. இதே குற்றாலத்தில் வாழ்ந்து, சுவைப்பதும் ஒரு கலை என்று காட்டினார். மறுக்கவில்லை. ஆனால், சுவைப்பதற்கு முதலில் அவையில் இடம் வேண்டுமே!

அந்த இடத்தைக் கொஞ்சமேனும் தந்தது கொட்டகை. அங்கும் சாதி முழுதும் சாகவில்லைதான். ஆயினும், காசு கொடுத்தவன் தரையிலே உட்கார்ந்தான். அண்ணாவின் 'வேலைக்காரி'யைக் கண்டு கை தட்டினான், சீறினான், அழுதான். தன் வாழ்வையே மேடையில் கண்டவன் வாய்மூடி இருக்க வேண்டுமாம்!

"சீமையில் தாங்கள் பார்த்த நாடகத்துக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு? பக்கத்து இருக்கையில் எந்தத் தொழிலாளி அமர்ந்திருந்தார்?" என்று கேட்டோம் கனவானை. அய்ந்தருவிக்குப் பேருந்து வந்துவிட்டதென்று எழுந்துவிட்டார்.