பள்ளியும் வீடும்: வீட்டில் உள்ளதைக் கேளுங்கள்

மாலை ஏழு மணிக்கு நமது நாட்டில் எந்தத் தெரு வழியாகப் போனாலும், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும். ஒரு குழாய் அதை நான்கு மணியில் நிரப்புகிறது. மற்றொரு குழாய் ஆறு மணியில் காலி செய்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்ட புத்திசாலி யார் என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்வதில்லை. தொட்டி எப்போது நிரம்பும் என்று மட்டுமே கேட்கிறது. பிள்ளை தகப்பனாரைப் பார்க்கிறது. தகப்பனார் தாயாரைப் பார்க்கிறார். முடிவில் தாயார் கணக்கைப் போட்டு முடிக்க, தகப்பனார் தேசப் படத்தில் நதிகளுக்கு நீல வர்ணம் தீட்டி முடிக்க, பிள்ளை நிம்மதியாகத் தூங்கிப் போய்விடுகிறது. மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் உபாத்தியாயர் எழுதும் "மிக நன்று" யாரைச் சேர வேண்டியது என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

இது வேடிக்கையான விஷயந்தான். ஆனால் இந்த வேடிக்கை, கணக்குத் தெரிந்த தாயாரும் வர்ணம் தீட்ட அவகாசமுள்ள தகப்பனாரும் இருக்கிற வீட்டோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வீட்டில் அது துக்கமான விஷயமாக மாறுகிறது. அங்கேயும் அதே தொட்டி, அதே தேசப் படம். ஆனால் பிள்ளை தலை நிமிர்ந்து யாரைப் பார்க்கும்?

எங்கள் காரிமங்கலம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர். மலைமேல் அருணேஸ்வரர் கோயில்; செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, தருமபுரி மாவட்டத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 68.5 பேர். தமிழ்நாடு முழுமைக்கும் அது நூற்றுக்கு 80. அப்போதிருந்த 32 மாவட்டங்களில் கடைசி ஸ்தானம் எங்களுடையதே. அன்று எழுத்தறியாதிருந்த அந்த நூற்றுக்கு முப்பது பேரில் அநேகர் இன்று பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளின் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாருமாக இருக்கிறார்கள். படித்த பெற்றோரை நம்பிக் கொடுக்கப்படும் வீட்டுப் பாடம், இக்குழந்தைகளைச் சோதிக்கவில்லை. இவர்களுடைய தாய் தந்தையரைச் சோதிக்கிறது. தண்டனை மட்டும் குழந்தைக்கு.

இதற்கு இனியும் அத்தாட்சி வேண்டுமென்றால் கொள்ளைநோய்க் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதம் கல்வி முழுவதுமே வீட்டுப் பாடமாயிற்று. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீட்டுக்குள் கொண்டு வந்தது. கைபேசியும் கொண்டு வந்தது. ஆயினும் பக்கத்தில் உட்கார்ந்து "எங்கே, சொல் பார்க்கலாம்" என்று கேட்க ஓர் ஆள் இல்லாத வீட்டில் அவ்விரண்டும் தாமே பேசி ஓய்ந்தன. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் அரசாங்கம் "இல்லம் தேடிக் கல்வி" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாலை நேரத்தில் தன்னார்வலர் ஒருவர் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பது என்பது அதன் சாராம்சம். திட்டத்தின் பெயரே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. பாடத்தை வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது. பாடத்தோடு மனிதரும் போக வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் எல்லாக் காலத்திலும் தன்னார்வலரை அனுப்ப முடியுமா? முடியாது. ஆகவே வேறொரு வழி தேட வேண்டியிருக்கிறது. அது மிகவும் எளிய வழி. வீட்டில் இல்லாததைக் கேட்காமல், வீட்டில் உள்ளதைக் கேட்கும்படியாகக் கணிதத்திலும் பூகோளத்திலும் வீட்டு வேலைகளை அமைக்க வேண்டும். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் சில உதாரணங்கள் தருகிறேன்.

ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள். இதற்கு உபகரணம் பாட்டியிடம் இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, அதாவது அரைக்கால். கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் என்னும் சொற்களை எழுத்தறியாத பாட்டியும் நன்றாக அறிவாள். எடைகளில் மெட்ரிக் முறை 1958-ஆம் வருஷம் அமுலுக்கு வரத் தொடங்கியது. ஆனாலும் பழைய படி இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கிறது. அதை இறக்கிக் கேழ்வரகால் ஒரு முறையும் அரிசியால் ஒரு முறையும் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துவரச் சொல்லுங்கள். ஒரே படி, ஆனால் எடை ஒன்றாக இருக்கிறதா? கன அளவு வேறு, எடை வேறு என்பதைப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டால் பிறகு மறக்காது. படி இல்லாத வீட்டில் ஒரு டம்ளர் போதும்.

ஏழாம் வகுப்புக்கு விகிதமும் சதவீதமும். இதற்குச் செவ்வாய்ச் சந்தை இருக்கிறது. தேங்காய், ஆடு, கோழி, காய்கறி எல்லாம் அங்கே வருகின்றன. மூன்று வாரம் தொடர்ந்து ஒரே சரக்கின் விலையை விசாரித்து எழுத வேண்டும். ஏற்றமோ இறக்கமோ நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். பிறகு, "இது எந்த ஊரிலிருந்து வருகிறது? எந்த ஊருக்குப் போகிறது?" என்று கேட்டு, அந்த ஊர்களைப் படத்தில் குறிக்க வேண்டும். வர்ணம் தீட்டிய தேசப் படத்தைவிட, பத்து ஊர்களுக்குக் கோடு இழுத்த இந்தப் படம் அதிகப் பூகோளம் கற்பிக்கும். எங்கள் ஊர்ச் சாலை முன்பு 7 என்ற எண்ணோடு இருந்தது. இப்போது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. பெரியவர் ஒருவரோடு சாலையைவிட்டு எட்டி நின்று, போகும் லாரிகளில் நூறு லாரிகளின் பலகைகளைப் பார்த்து எந்தெந்த மாநிலம் என்று எண்ணினால், சதவீதம் தானே கைக்கு வந்துவிடும். நூற்றில் எத்தனையோ, அத்தனையே சதவீதம்!

எட்டாம் வகுப்புக்குப் பரப்பளவு. நிலமுள்ள வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் பட்டாவும், சில சமயம் புலப்படமும் இருக்கும். புலப்படத்தைவிடச் சிறந்த பூகோளப் படம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அளவுத் திட்டத்தோடு வரையப்பட்டது. பிள்ளை நடந்து சரிபார்க்கக் கூடியது. ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்று பிள்ளைகள் காரணம் அறியாமல் நெட்டுருப் போடுகிறார்கள். நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 66-ஐ 66-ஆல் பெருக்கிப் பத்தால் பெருக்கிப் பாருங்கள்; அந்த வினோதமான எண் வந்து நிற்கும். அதில் நூற்றில் ஒன்று சென்ட். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, கயிற்றால் அளந்து, பட்டாவில் உள்ள பரப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தெருவும் பள்ளி மைதானமுமே நிலம். 1792-ஆம் வருஷம் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்குப் போன பாராமகாலைச் சேர்ந்தது எங்கள் சீமை. கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை கட்டினார்கள். அன்று அளக்கத் தெரிந்தவன் கையில் அதிகாரம் இருந்தது. தன் நிலத்தைத் தானே அளக்கத் தெரிந்த பிள்ளையை நாளைக்கு யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். "வீட்டுத் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்று 1953-இல் ராஜாஜி அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தது, பாதி நாள் பள்ளி, பாதி நாள் தகப்பன் தொழில் என்றது. குலக் கல்வி என்று நாடே எதிர்த்து, 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். நீர் அதையே வேறு பெயரில் சொல்லுகிறீரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வித்தியாசம் பெரிது. அந்தத் திட்டத்தில் பிள்ளை பள்ளியைவிட்டுத் தகப்பன் தொழிலுக்குப் போயிற்று. இங்கேயோ தகப்பனின் நிலமும் பாட்டியின் படியும் பள்ளிக்கு வந்து கணிதமாகின்றன. தேங்காய் விற்பவர் மகன் தேங்காய் விற்கவே கற்க வேண்டும் என்பதல்ல நோக்கம். தேங்காயிலிருந்து சதவீதத்துக்கு ஏறி, அதைக் கொண்டு அவன் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதே.

"நேரம் எங்கே?" என்பது இரண்டாவது ஆட்சேபம். பள்ளிப் பை பற்றி 2020-இல் மத்திய அரசாங்கம் வகுத்த கொள்கை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது என்கிறது. ஒரு பிள்ளை அந்த ஒரு மணியில் இருபது கணக்குகளைப் பார்த்து எழுதலாம். அல்லது ஒரு கணக்கைத் தானே கண்டுபிடித்துப் போடலாம். எது நிலைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, பிள்ளையின் கணக்கை நீங்கள் போடாதீர்கள், "இது எப்படி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். விடை தவறானாலும் அது பிள்ளையின் தவறாக இருக்கட்டும். எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று உபாத்தியாயருக்கு அப்போதுதான் தெரியும். இரண்டாவது, அச்சிட்ட படத்தைக் கடையில் வாங்கி ஒட்டாதீர்கள். கோணலாக இருந்தாலும் பிள்ளை வரைந்ததே படம். மூன்றாவது, உங்கள் பிள்ளை அளக்கப் போகும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கயிற்றுக்கு எப்படியும் இரண்டு முனை உண்டு.

கடைசியாக, மூன்று வகுப்பாருக்கும் பொதுவான ஒரு வேலை. செலவு ஒரு குச்சி. ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை வாசலில் நேராக நட்டு, மத்தியான்னம் 12 மணி முதல் 12-40 வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலை அளக்க வேண்டும். நிழல் மிகவும் குறுகும் நேரமே நமது ஊரின் உண்மையான உச்சிவேளை. அது பெரும்பாலும் சரியாக 12 மணிக்கு வராது. இந்தியாவின் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. காரிமங்கலமோ 78 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிஷம் வீதம் ஏறக்குறைய 17 நிமிஷம் பிந்த வேண்டும். பருவத்துக்கேற்ப இது கால் மணி வரை கூடவோ குறையவோ செய்யும்.

மார்ச் 21, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டி அந்தக் குறுகிய நிழல் எங்கள் ஊரில் சுமார் 22 சென்டிமீட்டர் இருக்கும். குச்சியைப் பத்து சென்டிமீட்டராகவும் நிழலை 2.2 சென்டிமீட்டராகவும் காகிதத்தில் வரைந்து, நுனிகளைச் சேர்த்து, குச்சியின் உச்சியிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் பன்னிரண்டு பாகைக்குச் சற்று மேல் வரும். அதுவே நமது அட்சரேகை! கன்னியாகுமரியில் உறவினர் இருந்தால் அதே நாளில் அவரையும் அளக்கச் சொல்லுங்கள். அங்கே நிழல் சுமார் 14 சென்டிமீட்டர், கோணம் எட்டுப் பாகை. வித்தியாசத்தைப் பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால், நமக்கும் குமரி முனைக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் கிடைக்கும். இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்னும் கிரேக்கர், எகிப்து தேசத்தில் இதே முறையால் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். அவரிடமும் உயர்ந்த கருவி ஒன்றும் கிடையாது.

ஏப்ரல் 22, 23 தேதிகளிலும் ஆகஸ்டு 20, 21 தேதிகளிலும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மேகம் மறைக்காவிட்டால், பகல் 12-15-க்கும் 12-20-க்கும் இடையில் குச்சியின் நிழல் காலடியில் மறைந்துபோகும். அன்றைக்குப் பிள்ளையோடு பாட்டியையும் வாசலுக்கு அழையுங்கள். நிழலைப் பார்த்து நேரம் சொல்லும் வித்தை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடும். பிள்ளை கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அதுவும் வீட்டுப் பாடந்தான்.